‘ஒன்னுமில்லை’ என்பவரின் நாற்காலி

எத்தனை பேர், எந்த நேரத்தில், என்ன நோயோடு வருவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத இடமாகவும், வந்த எவரையும் ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பக் கூடாத இடமாகவும் இருப்பதே அவசரச் சிகிச்சைப் பிரிவின் தனித்தன்மை. மற்றப் பிரிவுகளில் காத்திருப்பு என்பது முன்பதிவு நாளேட்டில் அடங்கிவிடும். இங்கே அது கூடத்தில் மனித உருவில் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் யார் காத்திருக்கலாம், யார் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்வதற்காகவே வாசலுக்கு அருகில் ஒரு மேசை போடப்பட்டு, அதன் பின்னால் ஒருவர் அமர்த்தப்படுகிறார். மலேசிய அரசு மருத்துவமனைகளில் அந்த மேசையில் பெரும்பாலும் இருப்பவர் மருத்துவர் அல்லர். உதவி மருத்துவ அதிகாரி என்ற பதவிப் பெயருடையவர், ‘மெடிக்கல் அசிஸ்டெண்ட்’ என்ற பழைய பெயரின் சுருக்கமாக மக்கள் வாயில் இன்றும் ‘எம்.ஏ.’ என்றே வழங்கப்படுபவர். இக்கட்டுரையில் சொல்லப்படுபவை அந்த மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்திலிருந்து திரட்டப்பட்டவை. நோயாளிகளின் அடையாளமும், பிழைகள் நேர்ந்த இடங்களின் பெயரும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன.

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் ஈப்போவிலிருந்து லுமுட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்த ஆயர் தாவார், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்து, இன்று செம்பனைத் தோட்டங்களுக்கும் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் நடுவே நிற்கிறது. ஊர்ப்பெயர் மலாயில் உப்பில்லாத நன்னீரைக் குறிக்கும்; நஞ்சு முறிக்கும் மருந்தைக் குறிக்கும் ‘பெனாவார்’ என்ற சொல்லும் அதே ‘தாவார்’ என்ற அடியிலிருந்து பிறந்ததே. பெயரில் மருந்து இருந்தாலும் ஊரில் மருத்துவமனை இல்லை. பகல் வேளையில் அரசாங்க கிளினிக் இருக்கிறது. அது அடைத்த பிறகு நெஞ்சுவலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் ஸ்ரீ மஞ்சோங்கில் உள்ள மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கும் இயலாத சிகிச்சை என்றால் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வரை போக வேண்டும். எனவே இவ்வூர்க்காரருடைய காத்திருப்பு கூடத்தில் நாற்காலியைப் பிடித்த பிறகு தொடங்குவது அன்று. அவர் பேரன் வேலையிலிருந்து காரோடு திரும்பி வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்த நேரமும் அதில் அடங்கும். மருத்துவமனையின் கடிகாரம் அந்த நேரத்தை எண்ணுவதில்லை.

வந்தவர்களை நோயின் அவசரத்துக்கேற்பப் பகுப்பதை மருத்துவமனைகளில் ‘டிரையாஜ்’ என்கிறார்கள். பொருள்களைப் பொறுக்கித் தரம்பிரிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, காயமுற்றவர்களைப் பதவியையும் நாட்டையும் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வகுத்த முறையை இதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்குவது எளிது. புகைவீட்டிலிருந்து வந்த ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூசணம் உண்டா, குமிழி உண்டா, கரும்புள்ளி உண்டா என்று பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை தரமிட்டு அடுக்கும் வேலையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்; அந்த வேலையைச் செய்பவரின் கண் எத்தனை வேகமாக ஓடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் உவமை ஓரிடத்தில் முறிகிறது. இரண்டாம் தரம் என்று அடுக்கப்பட்ட ஷீட் மறுநாள் காலையிலும் இரண்டாம் தரமாகவே இருக்கும். பச்சை என்று எழுதி உட்கார வைக்கப்பட்ட மனிதர் 40 நிமிடம் கழித்துச் சிவப்பாகிவிடக்கூடும். இத்தொழிலின் கடினம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

மலேசியாவில் நெடுங்காலம் மூன்று நிறங்களே வழக்கில் இருந்தன. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர் சிவப்பு. படுக்கையும் கண்காணிப்பும் தேவைப்படுபவர் மஞ்சள். நடந்து வந்து, உட்கார்ந்து, பேசக்கூடியவர் பச்சை. அண்மை ஆண்டுகளில் சுகாதார அமைச்சு இதை ஐந்து நிலைகளாக விரித்திருக்கிறது. ஐந்து நிலைப் பகுப்பில் உலகெங்கும் முன்மாதிரியாக விளங்கும் ஆஸ்திரேலிய அளவுகோல், முதல் நிலைக்கு உடனடியாகவும், அடுத்தடுத்த நிலைகளுக்கு 10, 30, 60, 120 நிமிடங்களுக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறது. இந்த எண்களைச் சுவரில் ஒட்டியிருக்கும் பலகையில் படிக்கும் நோயாளி, அவற்றை வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார். உள்ளே இருப்பவர்களோ அவற்றை எட்ட முயலும் இலக்காகக் கருதுகிறார்கள். கூடத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு இந்தப் பொருள் வேறுபாடே காரணம். மீதிப் பாதிக்குக் காரணம், தமக்குப் பின்னால் வந்தவர் தமக்கு முன்னால் உள்ளே போவதைப் பார்த்த மனம். பேருந்து நிலையத்திலும் நியாயவிலைக் கடையிலும் பழகிய வரிசை, வந்த நேரத்தின் வரிசை. இங்கே நிலவுவது ஆபத்தின் வரிசை. அதைச் சொல்லாமலேயே மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது அலுவலர்களின் தவறே தவிர, மக்களின் தவறு அன்று.

மேசையில் இருக்கும் கருவிகள் சில: ரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர், விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி. கடைசிச் சோதனையை இந்நாட்டு மருத்துவமனைகளில் பழைய சோதனைத் தாளின் பெயரை ஒட்டி ‘டிஎக்ஸ்டி’ என்பார்கள். கருவிகள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் இம்மாவட்டத்து விரல்கள் அவற்றுக்குப் பழக்கமில்லாதவை. 30 ஆண்டுகள் பால்வெட்டும் உளியைப் பிடித்துக் காய்ப்பேறிய, குளிர்ந்த விரலில் ஆக்சிமீட்டர் பல வேளைகளில் தடுமாறும். எண் ஏறி இறங்கி, பிறகு கோடு மட்டும் ஓடும். அப்போது விரலை உள்ளங்கைக்குள் வைத்துச் சிறிது நேரம் தேய்த்துச் சூடேற்றிவிட்டு மீண்டும் மாட்ட வேண்டும், அல்லது காதுமடலில் மாட்ட வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் வகுத்த கொள்கையில் இயங்கும் இக்கருவி, தோலின் நிறத்தாலும் பிழைபடுகிறது: உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி சரியென்று காட்டுவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இன் இறுதியில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கருத்த மேனியுடைய தமிழ் நோயாளிகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் இதை ஆய்வு வருவதற்கு முன்பே வேறு வகையில் அறிந்திருந்தார்கள். உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பார்க்காமல் கருவியின் எண்ணை மட்டும் எழுதக் கூடாது என்று மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எந்தக் கருவியும் இல்லாமல் எடுக்கப்படும் அளவே எல்லாவற்றிலும் நம்பகமானது என்பது அனுபவத்தின் தீர்ப்பு. அது மூச்சின் எண்ணிக்கை. வளர்ந்தவர் ஒருவர் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இந்த எண் 26, 28 என்று ஏறியிருந்தால், அவர் சிரித்துக்கொண்டே பேசினாலும் உடலுக்குள் எங்கோ பெரிய கணக்கு நடக்கிறது என்று பொருள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தவுடன் மனிதர் மூச்சை மாற்றிவிடுவதால், நாடி பார்ப்பதைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின் மேல் வைத்து எண்ணுவது இத்தொழிலில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் உத்தி. கூட்டம் அதிகமான நாளில் முதலில் கைவிடப்படுவதும் இதற்கு வேண்டிய அரை நிமிடமே. படிவத்தில் எல்லோருக்கும் ‘20’ என்று எழுதப்பட்டிருக்கும் நாள்கள் உண்டு. அப்படிப்பட்ட படிவக் கட்டைப் புரட்டிப் பார்க்கும் எவரும் அன்று எவ்வளவு கூட்டம் இருந்தது என்பதைச் சொல்லிவிடலாம்.

கருவிக்கு அடுத்தது கேள்வி. தமிழ் நோயாளியிடம் ‘எங்க வலிக்குது?’ என்று தொடங்கினால் பல நேரம் தவறான பதில் கிடைக்கும். ஏனெனில், வந்த துன்பத்துக்கு அவர் வலி என்று பெயரிடவில்லை. ‘என்னம்மா செய்யுது?’ என்று கேட்டால்தான் வாய் திறக்கும். நெஞ்சு கரிக்கிறது, அடைக்கிறது, படபடவென்று வருகிறது, கண் இருட்டுகிறது, காற்றுப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று வரும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் மருத்துவத்தில் தனித்தனி எடை உண்டு. கணினித் திரையிலோ படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ‘நெஞ்சு கரிக்குது’ என்பதை எழுதுபவர் ‘கேஸ்ட்ரிக்’ என்று தட்டினால் நோயாளி பச்சைப் பகுதிக்குப் போகிறார்; ‘சாக்கிட் டாடா’, அதாவது நெஞ்சுவலி, என்று தட்டினால் 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுக்கப்படுகிறது. ஆக, அந்த மேசையில் நடக்கும் மொழிபெயர்ப்பே முதல் சிகிச்சை முடிவு. தமிழ் தெரியாத அலுவலர் இருக்கும் வேளையில் அந்த மொழிபெயர்ப்பைச் செய்வது பெரும்பாலும் உடன் வந்த பேரப்பிள்ளை; பாட்டி நீளமாகச் சொன்னதையெல்லாம் அந்தப் பிள்ளை ‘வயிறு சரியில்லையாம்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும்.

இவற்றையெல்லாம் விடக் கவனிக்க வேண்டியது, எந்தக் கேள்விக்கும் முன்னதாகவே வந்து விழும் ஒரு பதில்: ‘ஒன்னுமில்லீங்க ஐயா, லேசாத்தான்.’ தோட்டத்திலிருந்து வந்த முதியவர்களிடம் இது ஏறத்தாழ வணக்கம் சொல்வதைப் போன்றது. இதைப் பணிவு என்றோ, பொறுமை என்றோ எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதற்கு ஒரு வரலாறு உண்டு. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும்போது இல்லாதவருக்கு அன்றைய கூலி இல்லை. நோய் என்று சொன்னால் அதைத் தோட்டத்து டிரஸ்ஸர் ஒப்புக்கொண்டு துண்டு எழுதித் தர வேண்டும். டிரஸ்ஸர் என்பவர் புண்ணுக்கு மருந்து கட்டுவதில் தொடங்கி, காய்ச்சலுக்குப் பாட்டில் மருந்து கொடுப்பது, பிரசவத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வது வரை எல்லாம் பார்த்தவர். இன்றைய உதவி மருத்துவ அதிகாரியின் தொழில்வழி மூதாதை அவரே. தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இலும், மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1977இலும் வந்தன. டிரஸ்ஸரின் கையில் மருந்தோடு விடுப்பும் இருந்தது. எனவே அவர் முன் நிற்கும் தொழிலாளிக்குத் தம் நோயைச் சொல்வதும், சோம்பேறி அல்லர் என்று நிறுவுவதும் ஒரே வேலையாகிவிட்டன. நோயைக் கூட்டிச் சொல்பவன் என்ற பெயரை எடுப்பதைவிடக் குறைத்துச் சொல்வது பாதுகாப்பானது என்பதை இரண்டு தலைமுறைகள் அங்கே கற்றுக்கொண்டன. தோட்டம் போனது, லயங்கள் இடிந்தன, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பெரட்டுக் களத்தில் கற்ற பேச்சு மட்டும் அவசரப் பிரிவின் மேசை வரை வந்து சேர்ந்திருக்கிறது. குரல் உயர்த்துபவரைக் கவனித்துவிட்டுக் குரல் எழுப்பாதவரை மறந்துவிடும் கூடத்தில், இந்தப் பேச்சு ஆளைக் கொல்லக்கூடியது.

ஒரு மாலைப் பொழுதின் நிகழ்ச்சியை இதற்குச் சான்றாகக் கூறலாம். அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி, நீண்டகால நீரிழிவு உள்ளவர், சேலை முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, காலையிலிருந்து காற்றுப் பிடித்திருப்பதாகவும், இஞ்சித் தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை என்றும், தமக்கு ஒன்றுமில்லை, மகள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள் என்றும் சொன்னார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது; ஆக்சிஜன் சரியாக இருந்தது. பச்சை என்று எழுதப்பட்டு மூன்றாம் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். குளிரூட்டி ஓடும் கூடத்தில் ஒருவருக்கு மட்டும் வேர்ப்பதை, தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பிய ஒரு தாதி தற்செயலாகக் கண்டு எழுப்பி அழைத்து வந்திராவிட்டால் அவருடைய மாரடைப்பு அந்த நாற்காலியிலேயே முடிந்திருக்கும். அளவீடுகளில் பிழை இல்லை. வேர்வையை அளக்கும் கருவி இல்லாததாலும், ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை அப்படியே நம்பியதாலும் நேர்ந்த பிழை அது. நீரிழிவு நெடுநாள் இருந்தால் நரம்புகள் மங்கி, மாரடைப்பு வலியில்லாமலேயே வரக்கூடும் என்பது பாடநூலில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். எனவே ஐம்பதைத் தாண்டிய நீரிழிவுக்காரர் ‘காற்று’ என்று சொன்னால் முதலில் ஈசிஜி, பிறகுதான் பேச்சு என்பதை அந்த மாலைக்குப் பிறகு அங்கு யாரும் மீறியதில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சம்சு எனப்படும் மலிவான மதுவின் நெடியோடு ஒருவர் தூக்கிவரப்பட்டால், அவருடைய தள்ளாட்டத்துக்கும் உளறலுக்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். குடித்தவரும் தலையில் அடிபடுவார்; குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கும். நெடி வீசுபவருக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் டிஎக்ஸ்டி பார்ப்பது கைப்பழக்கமாகிவிட வேண்டும். கையை மூக்கு ஆளவிடக் கூடாது. தோற்றத்தை நம்பி ஏமாறுவதில், பாராகுவாட் என்னும் களைக்கொல்லி உட்சென்றவர்களின் கதை இன்னும் கொடியது. மலேசியாவில் 2002இல் தடைக்கு உள்ளாகி, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடை செய்யப்பட்ட அந்தக் களைக்கொல்லி, தோட்டங்களில் பெண்கள் முதுகில் தாங்கிய தோம்பிலிருந்து தெளிக்கப்பட்டு வந்தது. அதை உட்கொண்டவர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார், வாயெரிச்சலைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டார், வீட்டுக்குப் போகலாமா என்றும் கேட்பார். சிறுநீரகமும் நுரையீரலும் அடுத்த நாள்களில்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும். தெளிப்புத் தொழிலாளப் பெண்களின் உடல்நிலை குறித்துத் தெனகானித்தா என்ற பெண்ணுரிமை அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பு, நஞ்சூட்டப்பட்டதையும் வாயடைக்கப்பட்டதையும் ஒருங்கே சொன்னது. முகப்பு மேசையில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டாம் பாதி புதிதன்று.

அடுத்து, காத்திருப்பு ஏன் நீள்கிறது என்ற கேள்வி. சாதாரணக் காய்ச்சலுக்கும் எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றுக்கும் மக்கள் அவசரப் பிரிவுக்கு வந்து கூட்டத்தைப் பெருக்குகிறார்கள் என்பது செய்தித்தாள்களிலும் அலுவலர் பேச்சிலும் அடிக்கடி வரும் விளக்கம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். இவ்விளக்கம் பார்வைக்குச் சரி, கணக்குக்குத் தவறு. பச்சைப் பகுதிக்காரர் பிடிப்பது ஒரு நாற்காலியும் மருத்துவரின் சில நிமிடங்களும். அவர் படுக்கையைப் பிடிப்பதில்லை. கூடம் அடைபடுவது உள்ளே மஞ்சள் பகுதியில், வார்டில் சேர்க்க முடிவாகியும் வார்டில் படுக்கை கிடைக்காமல் தள்ளுகட்டிலிலேயே கிடப்பவர்களால்தான். 1961இல் அமெரிக்கரான ஜான் லிட்டில் நிறுவிய எளிய தேற்றம் இதைத் தெளிவாக்கும்: ஓர் இடத்தில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, ஒரு மணி நேரத்தில் வருவோரின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வரும் தொகை. மணிக்கு 10 பேர் வந்து, ஒவ்வொருவரும் 3 மணி நேரம் தங்கினால் உள்ளே 30 பேர் இருப்பார்கள். தங்கும் நேரம் 5 மணியானால், கூடுதலாக ஒருவர்கூட வராமலே 50 பேர் ஆகிவிடுவார்கள். கூட்டம் வாசல் வழியாக மட்டும் உருவாவதில்லை. வெளியேறும் கதவு அடைபட்டாலும் உருவாகும்.

வெளியேறும் கதவு எப்படி அடைபடுகிறது என்பதைப் பின்தொடர்ந்து போனால் மருத்துவமனைக்கு வெளியே வந்துவிடுவோம். காலைச் சுற்றில் மருத்துவர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்லிவிடுகிறார். மருந்துச் சீட்டும் சுருக்க அறிக்கையும் ஆயத்தமாக நண்பகலாகிறது. அழைத்துப் போக வேண்டிய மகன் பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், அல்லது சிங்கப்பூரில் இருக்கிறார். ஆயர் தாவார்ப் பக்கத்துத் தாமானில் இருக்கும் மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பெரியவர் சட்டையை மாற்றிக்கொண்டு, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் மாலை 7 மணி வரை உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கட்டிலுக்காகக் கீழே ஒருவர் தள்ளுகட்டிலில் கிடக்கிறார். அந்தத் தள்ளுகட்டிலுக்காகக் கூடத்தில் இன்னொருவர் நாற்காலியில் இருக்கிறார். அந்த நாற்காலிக்காக வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது. இளைஞர்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போனதன் விளைவு மருத்துவமனைக் கட்டிலில் இப்படி வந்து நிற்பதை எந்தப் புள்ளிவிவரத் தாளும் காட்டுவதில்லை. ஒரு மருத்துவமனையில், வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர்களுக்கென நாற்காலிகள் போட்ட தனி அறை ஒன்று திறக்கப்பட்டபோது, கூடத்தின் நெரிசல் பிற்பகலிலேயே தளர்ந்தது. அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் தேநீர்க் குடுவையுமே செலவு.

நேர இலக்கை விதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய நாடுகளும் உண்டு. இங்கிலாந்து தன் 2000ஆம் ஆண்டுச் சுகாதாரத் திட்டத்தில், அவசரப் பிரிவுக்கு வந்தவர் நான்கு மணி நேரத்துக்குள் சேர்க்கப்படவோ அனுப்பப்படவோ வேண்டும் என்று விதித்தது. அப்படி முடிய வேண்டியவர்களின் அளவு 98 விழுக்காடு என்றிருந்து, 2010இல் 95 ஆகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் அந்த விதி நல்ல பயனைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நான்காம் மணி நேரத்தின் கடைசி நிமிடங்களில் மட்டும் திடீரென்று ஏராளமானோர் ‘முடிவு’ பெறுவதையும் பதிவேடுகள் காட்டின. கடிகாரத்தை அளப்பவர்கள் கடிகாரத்துக்கே சிகிச்சை அளிப்பார்கள். இந்நாட்டில் இலக்கு எதுவாக இருந்தாலும், அதை எட்ட வேண்டியவர்கள் எண்ணிக்கையில் போதாதவர்கள் என்ற உண்மை முன்னால் நிற்கிறது. 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதற்குப் பின்னணி பணி நிரந்தரம் என்றாலும், கோவிட் அலையின் உச்சத்தில் ஒரு மருத்துவர் எத்தனை கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் அன்றுதான் பொதுமக்கள் கவனித்தார்கள்.

கையில் இருக்கும் ஆள்பலத்தோடேயே செய்யக்கூடியவை இரண்டு என்பது இந்த அனுபவத்தின் முடிவு. முதலாவது, சொல்வது. காரணம் தெரியாத காத்திருப்பு காரணம் தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று 1985இல் மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் எழுதியதை, கூடத்தில் ஒருமுறை எழுந்து நின்று பேசிப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார். ‘உள்ளே மூன்று பேருக்கு உயிர் காக்கும் சிகிச்சை நடக்கிறது, மருத்துவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள், இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம்’ என்று மலாயிலும், தமிழிலும், மாண்டரினிலும் மாறி மாறிச் சொன்னால் ஒன்றரை நிமிடம் செலவாகும். அதற்குப் பிறகு மேசையைத் தட்டுபவர் குறைவு. சிலர் எழுந்து, தங்களுக்கு அவசரமில்லை, காலையில் கிளினிக்குக்குப் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. ஒலிபெருக்கியில் எண்ணை மட்டும் அறிவித்துப் பழகியவர்களுக்கு இது வேலையில் சேர்ந்ததாகவே தோன்றுவதில்லை.

இரண்டாவது, திரும்பிப் பார்ப்பது. தரம் பிரிக்கப்பட்டவர் அதே தரத்தில் இருக்கிறாரா என்று குறித்த இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும் என்பது எல்லா அளவுகோல்களிலும் எழுதப்பட்டிருக்கும் விதி; கூட்டம் மிகும்போது எல்லா இடங்களிலும் எளிதில் தவறும் விதியும் அதுவே. அரை மணிக்கு ஒருமுறை மேசையை விட்டு எழுந்து, வரிசை வரிசையாக நடந்து, முகங்களைப் பார்த்து, ‘இப்ப எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்டுவரச் சில நிமிடங்களே ஆகும். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைவிடக் கடைசி வரிசையில், சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அவர் ‘பரவாயில்லைங்க’ என்றே சொல்வார். பதிலைக் கேட்டுக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்து மூச்சை எண்ணுவது பிடித்தவருடைய வேலை.

வாசகர்களில் பலர் இன்றோ நாளையோ வீட்டுப் பெரியவர் ஒருவரை அந்த மேசைக்கு அழைத்துச் செல்ல நேரும். நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் என்றால் கார் வரும்வரை காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாகப் பக்கவாதம் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கத்தக்கது என்பதால், கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகளைப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே எடுத்து வர வேண்டும். மேசையில் அவர் ‘ஒன்னுமில்லை’ என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவர் மரியாதை கருதி வாய்மூடி நிற்கக் கூடாது. காலையிலிருந்து என்ன பார்த்தாரோ அதைச் சொல்ல வேண்டும். நாற்காலியில் காத்திருக்கும்போது அவருடைய நிலை முன்பைவிட மோசமானால், எழுந்து நேரே மேசைக்குச் சென்று அதைத் தெரிவிக்கலாம். அதற்கு எண் எடுக்க வேண்டியதில்லை.